பந்து எங்கே, ஐயா?

என் பெரியப்பாவுக்குப் பார்வை போய் ஏழு வருஷமாகிறது. கண்ணில் அழுத்தம் ஏறி, முதலில் ஓரங்கள் மங்கி, பிறகு நடுவும் அவிந்துவிட்டது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் உழைத்தவர். வாலிபத்தில் பட்டறைக் கோஷ்டிக்காகக் கால்பந்து ஆடியவர். "கோல் போட்டவன் பேரு பேப்பர்ல வரும், பாஸ் கொடுத்தவன் பேரு எனக்குத்தான் தெரியும்" என்பார். இன்றைக்கும் ஆட்டம் உள்ள இரவுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பார்ப்பதற்கல்ல, கேட்பதற்கு.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஐரோப்பிய நகரம் ஒன்றில் நடந்த ஆட்டத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வர்ணனை இங்கிலீஷில். அவருக்குப் பட்டறை இங்கிலீஷ் உண்டு. எனக்குக் கல்லூரியைப் பாதியில் விட்டவனுடைய இங்கிலீஷ் உண்டு. இரண்டும் இதற்குப் போதும். வர்ணனையாளர்கள் இரண்டு பேர். ஒருவர் தொழில்முறைப் பேச்சாளர், மற்றவர் பழைய ஆட்டக்காரர். பழைய ஆட்டக்காரர் அந்த ஊருக்குத் தாம் ஒருமுறை ஆடப் போனபோது தங்கின ஹோட்டலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அறை மிகவும் சின்னதாம். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் பெட்டியை வைக்கக்கூட இடமில்லையாம். திடீரென்று மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் எழுந்து அலறுகிற சத்தம். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா!" என்றார் முதல் வர்ணனையாளர். "நம்பவே முடியவில்லை!" என்றார் இரண்டாமவர். பிறகு இருவரும் சிரித்தார்கள். ஹோட்டல் கதை தொடர்ந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பி, "பந்து எங்கேடா?" என்று கேட்டார்.

"கம்பத்துல பட்டு வெளியே போயிடுச்சு, பெரியப்பா."

"யாரு அடிச்சது? எந்தப் பக்கத்துலேர்ந்து?"

எனக்குத் தெரியவில்லை! கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பெட்டிக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் மனசு அந்தச் சின்ன ஹோட்டல் அறைக்குள் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்ணில்லாதவரையும் கண்ணுள்ளவனையும் ஒரே சமயத்தில் குருடாக்கிவிட்ட சாமர்த்தியத்தை என்னென்று சொல்வது?

பெரியப்பாவின் அந்தக் கேள்வியோடு மரியாதைக்கு ஓர் 'ஐயா'வைச் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பிட்டிருக்கிறேன். உலகமெங்கும் கால்பந்து ரசிகர்கள் வர்ணனையாளர்களைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்களே, அந்தக் கோபம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

"போயும் போயும் இது ஒரு குறையா? பிடிக்காவிட்டால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாரேன்" என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்கிறேன்: என் பெரியப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு எதைப் பார்ப்பார்?

இந்தத் தொழிலின் ஆரம்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1927-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி, லண்டனுக்குப் பக்கத்தில் டிவிக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி ஆட்டம். பி.பி.சி. வானொலி ஓர் ஆட்டத்தை நேர்முகமாக வர்ணிக்கத் துணிந்த முதல் நாள் அது. பேசியவர் டெடி வேக்லாம். ராணுவத்தில் இருந்தவர், தாமே ரக்பி ஆடியவர். ஆனால் காணாத ஜனங்களோடு எப்படிப் பேசுவது என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. அப்போது வானொலிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். போரில் பார்வை இழந்தவர்களுக்கான செயிண்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்திலிருந்து கண் தெரியாத ஒருவரை அழைத்துவந்து வேக்லாமின் முன்னால் உட்கார்த்தி, "இவருக்கு ஆட்டத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள்.

வாசகர்களே, வர்ணனைக் கலைக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எழுதப்பட்டிருப்பதாக நான் நினைக்கவில்லை. முன்னே ஒரு மனிதர். அவருக்கு ஆட்டம் தெரியும், கண் தெரியாது. உன் வாய்தான் அவருடைய கண். அவரிடம் போய் ஹோட்டல் கதை சொல்லுவாயா?

அடுத்த வாரமே, ஜனவரி 22-ஆம் தேதி, ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய கால்பந்தாட்டத்தையும் வேக்லாம் வர்ணித்தார். இதற்காக 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகை மைதானத்தின் படத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டு அச்சடித்துக் கொடுத்தது. வேக்லாம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பின்னாலிருந்து இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. வீட்டிலிருந்தவர்கள் படத்தின்மேல் விரலை வைத்துப் பந்தைப் பின்தொடர்ந்தார்கள். 'பந்து எங்கே?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல ஒரு தனி ஆளையே போட்டிருந்தார்கள்! பிறகு வந்த வர்ணனையாளர்கள் கட்டமில்லாமலே இடத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டதால் அந்த ஏற்பாடு மறைந்தது. ஏற்பாடு மறைந்ததில் குற்றமில்லை. கேள்வியும் சேர்ந்து மறைந்துவிட்டதே, அதுதான் அநியாயம்.

நம்மவர்களுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. திருதராஷ்டிரனுக்குச் சஞ்சயன் சொன்னது என்ன? கண்ணில்லாத அரசனுக்கு யுத்த வர்ணனைதானே? நடுநடுவே அரசனைக் கண்டித்தும் இருக்கிறான், நீதியும் சொல்லியிருக்கிறான். ஆனால் யார் யாரை எந்த ஆயுதத்தால் எந்த இடத்தில் அடித்தான் என்பதைச் சொல்லாமல் விட்டதில்லை. 'அடடா, நம்பவே முடியவில்லை!' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்திருந்தானானால், அந்த அரண்மனையில் அவனுக்கு அடுத்த வேளைச் சோறு கிடைத்திருக்குமா?

வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் கச்சேரி மேடையை வைத்தே சொல்லிவிடலாம். வானொலியில் குரல்தான் பாட்டு. அது நின்றால் கச்சேரியே நின்றது. தொலைக்காட்சியில் படம் பாடுகிறது, குரல் பக்கவாத்தியம். நல்ல மிருதங்க வித்துவானுக்கு வாசிக்கத் தெரிவதைக் காட்டிலும் எங்கே கையை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பாடகர் உருகி நிரவல் செய்யும் இடத்தில் தனியாவர்த்தனம் ஆரம்பிக்கிற ஆளை எந்தச் சபாவும் இரண்டாம் தரம் அழைக்காது. தொலைக்காட்சியோ அவரையே ஒவ்வொரு வாரமும் அழைக்கிறது.

இன்றைய கோளாறு என்னவென்றால் இரண்டும் இடம் மாறிப் போயிருப்பதுதான். வானொலிக்காரர், நம் கையில் படம் இருப்பதைப் போலப் பேசுகிறார். "என்ன ஒரு அழகு பாருங்கள்!" என்கிறார். எதைப் பார்ப்பது? எந்தக் கோஷ்டி இடமிருந்து வலமாக ஆடுகிறது என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னால் போதும், கேட்பவன் மனசுக்குள் மைதானம் விரிந்துவிடும். அதைச் சொல்வதில்லை. சமையலறையிலிருந்தோ கடையைக் கட்டிவிட்டோ தாமதமாக வந்து உட்காருகிறவனுக்கு முதலில் வேண்டியது கோல் கணக்கு. அதற்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ரெட் பார்பர் என்ற பேஸ்பால் வர்ணனையாளர் மூன்று நிமிஷ மணல் கடிகாரம் ஒன்றை எதிரில் வைத்திருப்பாராம். மணல் இறங்கி முடிந்ததும் கணக்கைச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். முட்டை வேகவைக்கிற கடிகாரம், விலை சொற்பம். இன்றைக்கு இவ்வளவு பணம் புரளும் தொழிலில் அதற்கு மட்டும் பஞ்சமா?

தொலைக்காட்சிக்காரரோ நாம் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பதாக நினைத்துப் பேசுகிறார், ஆனால் கண் மூடியவனுக்கு வேண்டியதையும் சொல்வதில்லை. கார்னர் என்பது திரையில் தெரிகிறது. "கார்னர்!" என்கிறார். ஆட்டக்காரன் தலையில் கைவைத்துக்கொள்வது தெரிகிறது. "ஏமாற்றம் அடைந்திருக்கிறார்" என்கிறார். தெரியாத ஒன்று இருக்கிறது: அடித்தவன் பெயர் என்ன, ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினது யாருக்காக, நடுவர் கோலை ஏன் மறுத்தார்? அந்த இடத்தில்தான் ஹோட்டல் கதை வருகிறது. ஆட்டக்காரன் என்ன விலைக்கு வாங்கப்பட்டான், இதே மாதத்தில் இதே மைதானத்தில் முன்பு எத்தனை கோல் விழுந்தது என்று ஒரு மளிகைக்கடைச் சிட்டையே வருகிறது. பந்து மட்டும் வருவதில்லை.

"உற்சாகமாகப் பேசக் கூடாதென்கிறீரா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. 1986-ஆம் வருஷம் ஜூன் 22-ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா போட்ட இரண்டாவது கோலை, உருகுவேயில் பிறந்து ஆர்ஜென்டினாவில் பேர் வாங்கிய விக்டர் ஹியூகோ மொராலெஸ் வர்ணித்த விதம் உலகப் பிரசித்தம். கோல் விழுந்ததும் மனிதர் அழுதார். நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று மாரடோனாவைக் கேட்டார். கடவுளுக்கு நன்றி சொன்னார். ஆனால் கோலுக்கு முந்தின விநாடிகளைக் கவனியுங்கள். பந்து மாரடோனாவிடம் வருகிறது, இரண்டு பேர் மறிக்கிறார்கள், வலப்பக்கமாகக் கிளம்புகிறான், புருசாகாவுக்குத் தரப்போகிறான், இல்லை, இன்னும் மாரடோனாதான் என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. கடமையை முடித்துவிட்டு அழுதார். அழ அவருக்கு உரிமை இருந்தது.

பிரேசிலில் ஆரி பரோசோ என்றொருவர் இருந்தார். அந்நாட்டின் மகத்தான இசையமைப்பாளர்களில் ஒருவர், வானொலியில் கால்பந்து வர்ணனையும் செய்தார். ஃபிளமெங்கோ கோஷ்டியின்மேல் அவருக்கு வெறி. கோல் விழுந்தால் வாயில் ஓர் ஊதியை வைத்து ஊதுவார். ஃபிளமெங்கோ கோலானால் ஊதல் நீளும், எதிரியின் கோலானால் சுருங்கிவிடும். எதிரிகள் ஃபிளமெங்கோவின் கோலை நெருங்கும்போது, "நான் பார்க்கவே மாட்டேன்!" என்பாராம். கதையாகக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த வானொலியை நம்பி உட்கார்ந்திருந்தவனை நினைத்துப் பாருங்கள். உன் கண்தான் என் கண் என்று ஒப்படைத்திருக்கிறான். நீ கண்ணை மூடிக்கொண்டால் அவன் கதி என்ன?

தொலைக்காட்சிக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. 1966 ஜூலை 30 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி விநாடிகளில் பி.பி.சி.யின் கென்னத் வோல்ஸ்டென்ஹோம் பேசியதை இங்கிலாந்து இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது. அதில் அலங்காரமே இல்லை. சிலர் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள், ஆட்டம் முடிந்ததென்று நினைக்கிறார்கள் என்றார். அந்தக் கணம் ஹர்ஸ்ட் நான்காவது கோலைப் போட, இப்போது முடிந்தேவிட்டது என்றார். அவ்வளவுதான். கண்ணால் கண்டதைச் சரியான நேரத்தில் சொன்னார். 2012 மே 13 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டத்தை வாங்கித் தந்த கோலைக் கடைசி நிமிஷத்தில் அகுவேரோ போட்டபோது, மார்ட்டின் டைலர் அந்தப் பெயரை நீட்டி முழங்கிவிட்டுச் சற்று நேரம் மௌனமாகிவிட்டார். அரங்கத்தின் ஆரவாரம் பேசிற்று. கையை எடுக்கத் தெரிந்த மிருதங்கம் அது.

அப்படியானால் வர்ணனையே வேண்டாமா? அதையும் ஒருதரம் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கர்களுடைய கால்பந்து நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. 1980 டிசம்பர் 20 அன்று மயாமியில் நடந்த அத்தகைய ஆட்டம் ஒன்றை என்.பி.சி. தொலைக்காட்சி வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பிற்று. மைதானத்துச் சத்தமும் திரையில் எழுத்துக்களும்தான். அந்தச் சோதனை வழக்கமாகிவிடவில்லை. ஜனங்களுக்குத் துணைக் குரல் வேண்டியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவனுக்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பது ஒரு சுகம். நம் கோபம் துணை வந்ததற்காக அல்ல. துணைக்கு வந்தவர் வழியைச் சொல்லாமல் தம் சுயசரிதையைச் சொல்லுவதற்காக.

முழுப் பழியையும் பேசுகிறவர் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. முதலாளிகளுக்கும் இதில் பங்குண்டு. 2018-இல் ரஷ்யாவில் உலகக் கோப்பை நடந்தபோது, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி தன் ஆறு வர்ணனை ஜோடிகளில் நான்கை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அறை ஒன்றிலேயே உட்கார்த்திப் பேசவைத்தது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் இந்த வழக்கம் இன்னும் பரவிற்று. இதன் விளைவு என்ன? காமிரா பந்தைத்தான் துரத்தும். மைதானத்தில் இருக்கிற வர்ணனையாளர் மற்றதையும் காண்பார். மறுகோடியில் நொண்டுகிற பின்காப்பாளன், மேற்சட்டையைக் கழற்றித் தயாராகிற மாற்று ஆட்டக்காரன், கத்திக் கையசைக்கிற பயிற்சியாளர் எல்லாம் அவர் கண்ணில் படும். இவற்றைச் சொன்னால்தான் பக்கவாத்தியத்துக்குப் பொருள் உண்டு. அறைக்குள் அடைபட்டவர் நாம் காண்பதையே காண்கிறார். நமக்குச் சொல்ல அவரிடம் புதிதாக என்ன இருக்கும்? ஹோட்டல் கதைதான் இருக்கும்.

ரசிகர்களாகிய நாமும் சுத்தமான ஆசாமிகள் அல்லர். 2010 உலகக் கோப்பையின்போது பிரேசில்காரர்கள் தங்கள் நாட்டின் தலைசிறந்த தொலைக்காட்சி வர்ணனையாளர் கல்வாவோ புவெனோவைப் பார்த்து, 'வாயை மூடு, கல்வாவோ' என்று ட்விட்டரில் எழுதிக் குவித்தார்கள். அர்த்தம் புரியாமல் விழித்த வெளிநாட்டாரிடம், கல்வாவோ என்பது அழிந்துவரும் ஒரு பறவை, இதை எழுதினால் அதைக் காப்பாற்றப் பணம் சேரும் என்று கதை கட்டிவிட்டார்கள். அவர்களும் நம்பி எழுதினார்கள்! இந்தக் குறும்பை நான் ரசிக்கிறேன். ஆனால் 2007-இல் பி.பி.சி.யின் பிரசித்தமான கால்பந்து நிகழ்ச்சியில் ஜாக்கி ஓட்லி முதல் பெண் வர்ணனையாளராகப் பேசப்போகிறார் என்றதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிலர் கூச்சல் போட்டார்களே, அதை ரசிக்க முடியவில்லை. பெண் தொண்டையா, ஆண் தொண்டையா, நம் கோஷ்டிக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்றெல்லாம் பார்க்கிறவனுக்கு வர்ணனையாளரைக் கண்டிக்க யோக்கியதை இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றே. பந்து எங்கே என்று சொல்கிறாரா, இல்லையா?

நான் கேட்பது அதிகமல்ல. வானொலியில் பேசுகிறவர் எதிரே கண் தெரியாத ஒருவரை வைத்துக்கொள்ளட்டும், மனத்திலாவது. தொலைக்காட்சியில் பேசுகிறவர் பக்கத்தில் ஆட்டம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பதாக எண்ணட்டும். கண்டதையே அவரிடம் சொல்ல வெட்கம் வரும், அவர் காணாததைச் சொல்ல ஆசை வரும். பிறகு, பார்வையற்றவர்களுக்கென்று தனி வர்ணனை. 2014-இல் பிரேசிலிலும் 2018-இல் ரஷ்யாவிலும் உலகக் கோப்பை அரங்குகள் சிலவற்றில் இதை ஏற்பாடு செய்தார்கள். பந்தின் இடம், ஆட்டக்காரனின் தூரம், சட்டையின் நிறம் எல்லாவற்றையும் அதற்கென்று பயின்றவர்கள் சொன்னார்கள். அரங்கத்தில் முடிந்தது வீட்டில் ஏன் முடியாது? ஒரே ஆட்டத்தை ஐந்தாறு பாஷைகளில் பேசவைக்கிற யந்திர வசதி வந்துவிட்ட நாளில், கண்ணில்லாதவனுக்கு இன்னொரு குரல் சேர்ப்பது மலையைப் புரட்டுகிற காரியமா?

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தொலைக்காட்சியின் குரலை அடக்கிவிட்டு, "நானே சொல்றேன், பெரியப்பா" என்று ஆரம்பித்தேன். ஒரு பலகையில் நூலை ஒட்டி எட்டுக் கட்டம் போட்டு அவர் மடியில் வைத்தேன். முதல் பத்து நிமிஷம் பிரமாதமாகப் போயிற்று. "மூணு... அஞ்சு... திரும்ப மூணு" என்று நான் சொல்லச் சொல்ல அவர் விரல் ஓடிற்று. முகத்தில் ஏழு வருஷமாக நான் காணாத ஒரு சுறுசுறுப்பு. பிறகு பந்தின் வேகத்துக்கு என் நாக்கு ஈடுகொடுக்கவில்லை. பெயர்கள் குழம்பின. வேர்த்துவிட்டது. வர்ணனையாளர்களின் கஷ்டம் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்து விளக்குகளின் கீழே தூறல் வெள்ளிச் சரிகைபோல இறங்குவதையும், தனியே நின்றிருந்த கோல்கீப்பரின் முகத்தில் தெரிந்த ஏக்கத்தையும் நான் ரசித்து விவரிக்கத் தொடங்கினேன். நாவல் எழுதுகிறவன் அல்லவா?

பெரியப்பாவின் விரல் ஆறாவது கட்டத்தில் நின்றுபோயிருந்தது. சிறிது நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழை இருக்கட்டும்டா," என்றார், "பந்து எங்கே?"